நடுக்கதவில் ஏறியவர்கள்

இஸ்தான்புல்லின் தாஷ்தெபே மேட்டிலிருந்து படகுத்துறைக்கு இறங்கும் காலை பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று அர்த்தம். பேக்கரிக்கு எதிரே பஸ் நின்றதும் நடுக்கதவு திறக்கும். கையில் எள் தூவிய ரொட்டி வளையமும் வாயில் அதன் பாதியுமாக ஜனம் முண்டியடித்து ஏறும். முன்கதவுப் பக்கம் யாரும் போவதில்லை. கொரோனாக் காலத்தில் ஓட்டுநரை நெருங்காதீர்கள், நடுக்கதவில் ஏறுங்கள் என்று சொன்னார்கள். ஏறினோம். கொரோனா போய்விட்டது. நாங்கள் இன்னமும் நடுக்கதவில்தான் ஏறிக்கொண்டிருந்தோம்.

ஹிஜ்ரானும் அன்று அப்படித்தான் ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஏறிய ஒரு கட்டட வேலைக்காரர், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் பஸ் கார்டை நீட்டினார்.

“அக்கா, இதைக் கொஞ்சம் முன்னால குடுத்து விடுறீங்களா?”

ஹிஜ்ரான் தன் கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள்.

“தம்பி இந்த மேட்டுக்குப் புதுசா? இங்க அதெல்லாம் கிடையாது. யாரு கார்டையும் யாரும் தொடறதில்லை.”

“அப்போ மெஷின்ல எப்படி வைக்கிறது?”

“போக முடிஞ்சா போய் வைங்க. முடியலைன்னா விடுங்க. நீங்க ஒருத்தர் வைக்கலைன்னா பஸ் என்ன ஓடாமலா போயிடும்?”

அவர் முன்னால் எட்டிப் பார்த்தார். முதுகுகளாகத் தெரிந்தது. தோளைக் குலுக்கிவிட்டுக் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஹிஜ்ரானின் கார்டும் அவள் கைப்பையின் அடியில், சாவிக்கொத்துக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலத்தில் இந்தப் பஸ்ஸின் அழகே அந்தக் கார்டுகள்தான். இஸ்தான்புல்லில் எந்தப் பஸ்ஸிலும் நடக்கிற காரியம் அது. பின்னால் ஏறியவர் முன்னே போக வழியில்லாமல் தன் கார்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார். முன்பின் தெரியாதவர்களின் கை வழியாக அது ஓட்டுநர் அருகே உள்ள மெஷினுக்குப் போகும். மெஷின் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு ‘டிங்’ என்று ஒலிக்கும். அதே கைகள் வழியாக உரியவரிடமே திரும்பி வரும். எங்கள் மேட்டில் வாசலில் கழற்றி வைத்த செருப்பு காணாமல் போயிருக்கிறது. பஸ்ஸில் கொடுத்த கார்டு காணாமல் போனதில்லை.

அந்த வழக்கத்தை நிறுத்தியவள் ஹிஜ்ரான். அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நோய் ஆடிய ஆட்டத்தை, மூட்டை மூட்டையாக வந்து விழுந்த படுக்கை விரிப்புகளில் பார்த்தவள். ஒரு நாள் பஸ்ஸின் நடுவே நின்று, “கார்டைக் கை மாத்தாதீங்க! சாவைக் கை மாத்துறீங்க!” என்று சத்தம் போட்டாள். ஆஸ்பத்திரிக்காரியே சொல்லும்போது யார் மறுக்க முடியும்? அன்றோடு கைகள் மடங்கின. ஓட்டுநர் ஸிஹ்னி சில நாட்கள், “பின்னாடி ஏறினவங்க கார்டு எங்கே?” என்று கத்திப் பார்த்தார். பிறகு அவருக்கும் அலுத்துவிட்டது.

அன்றைய பஸ்ஸில் ஹிஜ்ரானுக்கு வெகு அருகில், ஜன்னலையே பார்த்தபடி இன்னொருத்தி நின்றிருந்தாள். அவள் பெயர் நெஸாஹத். ஹிஜ்ரானைவிடச் சில வயது மூத்தவள். இருவருக்கும் ஒரே கட்டடம். நெஸாஹத் மேல் வீடு, ஹிஜ்ரான் கீழ் வீடு. மேலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கும், கீழிருந்து ஏதாவது ஏறும். திராட்சை இலையில் சுருட்டிய சோறு, ஊறுகாய், சில நாள் வெறும் வம்பு. அப்படி இருந்தவர்கள்.

நோய் நெஸாஹத்தின் வீட்டுக்கும் வந்தது. அவள் கணவரைக் கொண்டுபோனது. அவள் பிழைத்து, மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடந்து, உடம்பு நன்றாகத் தேறிய பிறகு ஒரு காலை பஸ் ஏறினாள். பழைய பழக்கத்தில் தன் கார்டை ஹிஜ்ரானிடம் நீட்டினாள். ஹிஜ்ரான் பாம்பைக் கண்டவள் போலப் பின்வாங்கினாள். பஸ்ஸே பார்த்தது. அன்றுமுதல் நெஸாஹத் அவளோடு பேசுவதில்லை. கூடையும் இறங்குவதில்லை.

அன்று மாலை ஹிஜ்ரான் வேலை முடிந்து வந்தபோது நிறுத்தத்தின் கண்ணாடியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. போதிய பயணிகள் இல்லாததால் தாஷ்தெபே பஸ் அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படும், பொதுமக்கள் கீழ்ச்சாலைப் பஸ்ஸைப் பயன்படுத்திக்கொள்ளவும் என்று போட்டிருந்தது.

கீழ்ச்சாலைக்குப் போக எங்களுக்கு இருப்பது கல் படிக்கட்டு மட்டும்தான். பனி உறைந்த நாட்களில் பூனைகூட யோசித்துத்தான் அதில் இறங்கும். ஹிஜ்ரானின் வலது முழங்கால், சலவைக்கூடத்து ஈரத்தரையில் நின்று நின்று தேய்ந்துபோனது. காலை ஷிப்டுக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவதாக அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். முதல் துணிவண்டி வரும்போது கதவைத் திறக்க அவள் அங்கே இருந்தாக வேண்டும். பஸ் நின்றால் அந்தப் பொறுப்பு போகும், கொஞ்ச நாளில் வேலையும் போகும். விவாகரத்தாகி, தனியாளாக வாடகை கொடுத்து, மகளைக் கல்லூரியில் படிக்க வைப்பவள் அவள். அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது.

“பயணிகள் இல்லையாமே!” என்று நிறுத்தத்திலேயே கத்தினாள். “அப்போ தினம் காலையில என் காலை மிதிக்கிறது யாரு, பேயா?”

காபிக்கடையில் அன்றைக்குப் பெரிய அமளி. முன்னால் நின்று முழங்கியவர் ராஸிம். படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேச விடாததால் காபிக்கடையில் பேசுகிறவர் என்று அவர் மனைவியே சொல்வாள்.

“நம்மளை என்னன்னு நெனச்சுட்டான்? நாளைக்கே ஆபீஸுக்குப் போவோம். மேஜையைத் தட்டிக் கேப்போம்!”

“என்ன பஸ்ல போவீங்க ராஸிம் அண்ணே?” என்று டீ கொண்டு வந்தவர் கேட்டார்.

“பஸ்ஸா? காலங்காத்தால அந்தக் கூட்டத்துல எவன் ஏறுவான்? என் கார் இருக்கு.”

பஸ்ஸைக் காப்பாற்ற, மறுநாள் ராஸிமும் ஹிஜ்ரானும் காரில் புறப்பட்டார்கள். மேட்டை விட்டு இறங்குவதற்குள்ளேயே நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். முன்னாலும் கார், பின்னாலும் கார், ஒவ்வொன்றிலும் ஒற்றை ஆள். கொரோனாவுக்குப் பயந்து வாங்கிய கார்களில் பாதி அங்கே நின்றுகொண்டிருந்தது. ராஸிம் ஹாரனை அழுத்தி அழுத்தி, “இந்த ஜனமெல்லாம் பஸ்ல போனா என்னவாம்?” என்று புலம்பினார். ஹிஜ்ரான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு உறைக்கவில்லை.

போக்குவரத்து அலுவலகத்தில் அவர்களை உட்கார வைத்து டீ கொடுத்தவள் பெல்கின் என்ற பெண் அதிகாரி. நிதானமானவள். ராஸிம் மேஜையைத் தட்டியபோது, டீ சிந்தாமல் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“முடிச்சாச்சா ஐயா? இப்போ நான் சொல்றேன். நோய் வந்தப்ப ஊர் முழுக்கப் பஸ் காலியாத்தான் ஓடுச்சு. அப்போ நாங்க எந்த லைனையும் நிறுத்தலை. ஜனம் திரும்பி வரும்னு காத்திருந்தோம். வந்தாங்க. படகுல நிக்க இடமில்லை, மெட்ரோவுல மூச்சு விட முடியலை. உங்க மேட்டுல மட்டும்தான் ஆளு திரும்பி வரலை.”

“வரலையா?” ஹிஜ்ரான் எழுந்தே விட்டாள். “அம்மா, ஒரு நாள் காலையில எங்க பஸ்ல ஏறி ரெண்டு காலையும் ஊனி நின்னு காட்டுங்க, நான் இந்த ஊரை விட்டே போயிடுறேன்!”

“அப்படிக் கூட்டம்னா மெஷின் சொல்லணுமே? உங்க மெஷின் நல்லா வேலை செய்யுதான்னு ரெண்டு தடவை ஆளு அனுப்பிப் பாத்தாச்சு. நல்லாத்தான் இருக்கு. ஒரு கார்டு வெச்சா ஒரு சத்தம், ஒரு சத்தத்துக்கு ஒரு ஆளு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கார்டு வைக்காதவங்க எங்களைப் பொறுத்தவரைக்கும் வீட்டுல இருக்காங்க.”

ஹிஜ்ரான் மறுபடியும் உட்கார்ந்தாள். மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதன் அடியில் கிடக்கும் கார்டைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. ராஸிம் இன்னும் எதையோ முழங்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை.

“மாசக் கடைசிக்குள்ள எங்க மேட்டை ஒரு தடவை திரும்பப் பாப்பீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“பாக்கறது என் வேலைதான். சத்தம் வந்தா நானே மேலிடத்துல பேசறேன்” என்றாள் பெல்கின்.

திரும்பும் வழியில் ஹிஜ்ரான் கேட்டாள்: “ராஸிம் அண்ணே, மீன் பிடிக்கப் போறப்ப மட்டும் பஸ்ல போவீங்களே, கார்டு வைப்பீங்களா?”

“நான் எதுக்கு வைக்கணும்? எனக்குத்தான் அறுபத்தஞ்சு தாண்டிடுச்சே. முதியோர் கார்டு, இலவசம். அதை வெச்சா என்ன, வைக்கலைன்னா என்ன?”

“வெச்சாத்தான் அண்ணே நீங்க உயிரோட இருக்கறதே அவங்களுக்குத் தெரியும்.”

ராஸிம் வாயைத் திறந்தார், மூடினார். காபிக்கடைக்காரர்கள் பார்த்திருந்தால் அன்றைக்கு இனிப்பு வழங்கியிருப்பார்கள். அன்று மாலையே அவர் கடையில் உட்கார்ந்து, வழக்கத்தைவிடச் சன்னமான குரலில், அலுவலகத்தில் கேட்டதையெல்லாம் சொன்னார்.

மறுநாள் காலை ஹிஜ்ரான் நிறுத்தத்துக்கு வந்தபோது அவள் கையில் ஒரு எலுமிச்சை ஓடிகோலன் பாட்டில் இருந்தது. எங்கள் வீடுகளில் விருந்தாளி வந்தால் முதலில் அவர் உள்ளங்கையில் ஓடிகோலன் தெளிப்பது முறை. அதைப் பஸ்ஸிலேயே செய்துவிட்டால் கையும் சுத்தம், பயமும் போகும், கார்டும் போகும் என்று இரவே திட்டம் போட்டிருந்தாள். பஸ் நகர்ந்ததும் தொண்டையைச் செருமினாள்.

“எல்லாரும் கேளுங்க! நாம கார்டு வைக்காததாலதான் பஸ்ஸை நிறுத்தப் போறாங்க. இன்னிக்கிலேர்ந்து பழையபடி கார்டை முன்னால அனுப்பலாம். கையை நீட்டுங்க, ஓடிகோலன் தெளிக்கிறேன். கிருமி கிட்ட வராது.”

பஸ்ஸில் ஒரு சிரிப்பு கிளம்பியது. “ஏன்க்கா, நீங்கதானே சாவைக் கை மாத்தாதீங்கன்னு கத்தினது?” என்று ஒரு குரல். “இப்போ சாவு லீவுல போயிருக்கா?” என்று இன்னொரு குரல். பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் மட்டும் பாவம் பார்த்துக் கையை நீட்டினாள். ஹிஜ்ரான் தெளித்தாள். எலுமிச்சை மணம் பரவியது. அடுத்து யார் என்று பாட்டிலை நகர்த்தியபோது, அது நேராக நெஸாஹத்தின் முன்னால் போய் நின்றது.

நெஸாஹத் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பாட்டிலைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக அவளிடம் பேசினாள்.

“என் கையைக் கழுவத்தான் பாட்டில் கொண்டு வந்தியா? இவ்வளவு நாள் கழிச்சும் நான் உனக்கு அழுக்காத்தான் தெரியறேனா?”

சிரிப்பு நின்றுவிட்டது. ஸிஹ்னி கண்ணாடியில் பின்பக்கம் பார்ப்பது தெரிந்தது. ஹிஜ்ரான் வெறும் கிருமியை நினைத்து அந்தப் பாட்டிலை எடுத்து வந்திருந்தாள். எதிரே நிற்பவளின் மனதை நினைக்கவில்லை. அன்று தன் முன்னால் நீண்ட கையும், தான் பின்வாங்கிய விதமும், நெஸாஹத்தின் முகம் வாடிப்போனதும் இப்போதுதான் அவள் கண்ணில் பட்டன. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

பாட்டிலைக் கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்தாள். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டாள். எதுவும் தெளிக்காத, சோப்பில் ஊறி வெளுத்த தன் வெறுங்கையை நெஸாஹத்தின் முன்னால் நீட்டினாள்.

“உங்க கார்டைக் குடுங்கக்கா. நான் குடுத்தனுப்பறேன். அன்னிக்கே வாங்கியிருக்கணும். உங்க வீட்டுல அப்படி ஒரு துக்கம் நடந்து நீங்க எழுந்து வந்தப்ப, நான் கட்டிப் பிடிச்சிருக்கணும். அதை விட்டுட்டு ஓடினேன். தப்புக்கா.”

நெஸாஹத் அசையவில்லை. பஸ் மசூதி வளைவில் திரும்பியது. எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள், ஹிஜ்ரான் கம்பியைக்கூடப் பிடிக்காமல் தடுமாறினாள், ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை. விழப்போனவளின் மணிக்கட்டை நெஸாஹத்தான் பிடித்து நிறுத்தினாள்.

“விழுந்து தொலைக்காதே. அந்த முட்டியை வெச்சுக்கிட்டு வீராப்பு வேற” என்றாள். பிடித்த கையை விடாமல், மறு கையால் கோட்டுப் பையிலிருந்து கார்டை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

“முன்னால குடுங்க!” என்றாள் ஹிஜ்ரான்.

கார்டு போனது. கல்லூரிப் பெண், மீன்கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒரு தாய் என்று கை மாறி மாறிப் போனது. முன்னால் ‘டிங்’ என்று சத்தம் வந்தது. அதைக் கேட்டு ஏறக்குறைய மறந்தே போயிருந்தோம். “கேப்டன், இதையும் வாங்குங்க!” என்று ஸிஹ்னியைக் கூப்பிடும் குரலோடு அடுத்த கார்டு கிளம்பியது, அதன் பின்னால் இன்னொன்று. டிங், டிங், டிங். மீன் தூண்டிலோடு நின்றிருந்த ராஸிம் தன் முதியோர் கார்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, “இலவசம்தான், ஆனா நானும் இருக்கேன்னு சொல்லுங்கப்பா!” என்று கத்தினார். பஸ் படகுத்துறையைத் தொடும்வரை மெஷின் ஓயவில்லை. ஸிஹ்னி அன்றைக்கு எல்லா வளைவிலும் தேவையில்லாமல் ஹாரன் அடித்தார்.

நெஸாஹத்தின் கார்டு திரும்பி வந்தது. வாங்கி உள்ளே வைத்துக்கொண்டவள், கல்லூரிப் பெண்ணிடமிருந்த பாட்டிலை எடுத்தாள்.

“இப்போ நீ கையை நீட்டு” என்று ஹிஜ்ரானிடம் சொல்லி, அவள் உள்ளங்கையில் தாராளமாகத் தெளித்தாள். “இது அழுக்குக்குத் தெளிக்கிறது இல்லை. விருந்தாளிக்குத் தெளிக்கிறது. ஞாபகம் வெச்சுக்கோ.”

அன்று மாலை மேல் வீட்டு ஜன்னலிலிருந்து கூடை இறங்கியது. உள்ளே என்ன இருந்தது என்று ஹிஜ்ரான் யாரிடமும் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்து தின்றுகொண்டே அழுதாள் என்று மட்டும் எதிர்வீட்டிலிருந்து தகவல்.

மாதக் கடைசிக்கு முன்னால் பெல்கினே ஒரு காலை வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கூட்டத்தில் நசுங்கி, தன் கார்டையும் நாலைந்து கை வழியாக அனுப்பி, படகுத்துறையில் கசங்கிய கோட்டோடு இறங்கினாள். “நீங்க ஊரை விட்டுப் போக வேண்டாம், ஒரு காலை ஊனத்தான் முடிஞ்சது” என்று ஹிஜ்ரானிடம் சொல்லிவிட்டுப் போனாள். சில நாட்களில் அறிவிப்பைக் கிழித்தார்கள். அதற்கடுத்த மாதம், நோய்க்கு முன்பு ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது பஸ்ஸும் மேட்டுக்குத் திரும்பி வந்தது. ஹிஜ்ரான் இப்போது காலை ஷிப்டுப் பொறுப்பாளர். சாவிக்கொத்தும் இருமல் மிட்டாயும் பையில் பழைய இடத்திலேயே இருக்கின்றன. கார்டு மட்டும் கையில்.

ஒரு நாள் அந்தக் கட்டட வேலைக்காரர் மறுபடியும் நடுக்கதவில் ஏறினார். இடையில் வேறு பக்கம் வேலைக்குப் போயிருந்தவர். ஹிஜ்ரானைப் பார்த்ததும் பழைய ஞாபகத்தில் கார்டைப் பைக்குள் போடப் போனார். அவள் கையை நீட்டினாள்.

“குடுங்க தம்பி.”

“அக்கா, யாரு கார்டையும் யாரும் தொடறதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன்” என்றாள் ஹிஜ்ரான், அவர் கார்டை வாங்கி நெஸாஹத்தின் கையில் கொடுத்தபடி. “நோய் இருந்தப்ப கையை மடக்கினது புத்தி. நோய் போனதுக்கு அப்புறமும் மடக்கியே வெச்சிருந்தேன் பாருங்க, அதுதான் பெரிய நோய். அதுல ஒரு பஸ்ஸும் போகப் பாத்துது, ஒரு அக்காவும் போகப் பாத்தாங்க. பொதுப் பஸ்ஸுன்னா அது யாரோ நமக்கு விடற பஸ் இல்லை தம்பி. நாம ஒவ்வொருத்தரும் இருக்கேன்னு சொன்னாத்தான் அதுவும் இருக்கும்.”

முன்னால் ‘டிங்’ என்றது.